நூதனசாலையில் தண்டனை: ஓர் அறவியல் நோக்கு

குற்றமும் தண்டனையும் மனித சமுதாயத்தோடு உடன்பிறந்தவை. ஆயின், கழிந்த காலத் தண்டனைகளைக் காட்சிப்பொருளாக்கிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்க்கும் வழக்கம் அண்மைக் காலத்ததாகும். விலங்கு, கசை, தூக்குக் கயிறு, சிரங்கொய்த வாள் ஆகியவற்றைக் காண்பதற்கு இன்று உலகெங்கும் மக்கள் கட்டணம் செலுத்திச் செல்கின்றனர். இலண்டன் கோபுரத்திலே சித்திரவதைக் கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. ஜேர்மனியின் றோதன்பேர்க் நகரில் இதற்கெனவே தனி நூதனசாலை உண்டு. அந்தமானின் போர்ட் பிளேயரிலுள்ள செல்லுலார் சிறை இந்தியாவின் தேசிய நினைவுச் சின்னமாக விளங்குகின்றது.

இவற்றைக் காண்போன் உள்ளத்தில் முதலில் அருவருப்பு எழுகின்றது. அடுத்து இரக்கம் பிறக்கின்றது. இறுதியில், வாயிலைக் கடந்து வெளியே வரும்போது, ஒருவகை நிம்மதி அவனை வந்தடைகின்றது. அக்கொடுமைகள் அக்காலத்தோடு ஒழிந்தன, இக்காலம் அவற்றைக் கடந்து வந்துவிட்டது என்னும் நிம்மதி அது. அந்த நிம்மதிக்கு அவன் உரியவனா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினாவைப் பொதுப்பட எழுப்புவதிலும் பார்க்க, ஓரிடத்தில் நின்று எழுப்புதல் பயனுடையது. ஊவா மாகாணத்துத் தெமோதரை அதற்கு ஏற்றதோர் இடம். எல்லைக்கும் பதுளைக்கும் இடையே, தேயிலைத் தோட்டங்கள் சூழ, 1924இல் பதுளையைச் சென்றடைந்த புகையிரதப் பாதையின் ஓரமாக அமைந்த ஊர் அது. அங்குள்ள தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து ஒரு மாணவன் கல்விச் சுற்றுலாவாகக் கண்டிக்குச் செல்கின்றான் எனக் கொள்ளலாம். பழைய தண்டனைகளைப் பற்றி அவனுக்கு அங்கே காட்டப்படுவன எவை, காட்டப்படாதன எவை என நோக்கினால், வினாவின் ஆழம் புலப்படும்.

கண்டியில் எகலப்பொல வளவு இன்று மெழுகுருவக் காட்சிச்சாலையாக உள்ளது. எகலப்பொல குடும்பத்துக்கு 1814இல் நேர்ந்த கதி அங்கே உருவங்களாய் நிற்கின்றது. முதல் அதிகாரியாயிருந்த எகலப்பொல பிரித்தானியர் பக்கம் சென்றதற்காக, மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் தண்டித்தான். பிள்ளைகளின் சிரங்கள் கொய்யப்பட்டன. அச்சிரங்களை உரலிலிட்டு இடிக்குமாறு தாய் பணிக்கப்பட்டாள் என்றும், பின்னர் போகம்பரை ஏரியில் அமிழ்த்தப்பட்டாள் என்றும் அக்காலப் பிரித்தானியர் எழுதிவைத்தனர். தமையன் அஞ்சியபோது இளையவன் மத்தும பண்டார முன்வந்து தலை கொடுத்தான் என்னும் வரலாறு இலங்கைப் பிள்ளைகள் யாவரும் அறிந்ததே. கணவன் செய்ததற்கு மனைவியும் தந்தை செய்ததற்கு மக்களும் தண்டிக்கப்பட்டமை எவ்வகை நீதிக்கும் ஒவ்வாதது. அதனைக் கண்டு மாணவன் திடுக்கிடுவானாயின் அத்திடுக்கீடு நியாயமானதே.

அடுத்து அவன் கண்டி நூதனசாலைக்குச் செல்வான். 1815 மார்ச் 2ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட கண்டி உடன்படிக்கையின் பிரதி அங்கே இருக்கின்றது. அவ்வுடன்படிக்கையின் 6ஆம் பிரிவு உடலைச் சித்திரவதை செய்தலையும் உறுப்புகளைச் சிதைத்தலையும் அறவே தடை செய்தது. தேசாதிபதியின் எழுத்து மூலமான ஆணையின்றி எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றலாகாது என அதனை அடுத்த பிரிவு கூறியது. 1764இல் இத்தாலிய அறிஞர் பெக்காரியா சித்திரவதையையும் மரண தண்டனையையும் கண்டித்து எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் பரவி ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சிந்தனையின் ஓர் அலை கண்டி மலைகளையும் வந்து தொட்டது எனலாம். அதனைச் சிறிதென்று தள்ளுதல் தகாது. வெட்டப்படவிருந்த ஒருவனின் கை வெட்டப்படாது போயின், அச்சட்டத்தை இயற்றியவரின் நோக்கம் யாதாயினும், அக்கை அவனுக்கு மிச்சமாயிற்று.

உரலிலிருந்து உடன்படிக்கைக்கு வந்த மாணவன் இருளிலிருந்து ஒளிக்கு வந்ததாக எண்ணுதல் இயல்பு. காட்சிப்பொருள்களின் ஒழுங்கே அவ்வாறு எண்ணத் தூண்டுகின்றது. ஆயின், அதே நகரில் தலதா மாளிகைக்கு எதிரே நிற்கும் ஒரு நினைவுத்தூண் அவ்வெண்ணத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். அத்தூண் கெப்பெட்டிபொலவுக்கு உரியது.

உடன்படிக்கை நிகழ்ந்து இரண்டரை ஆண்டுகளில், 1817இல், ஊவாவிலும் வெல்லச்சவிலும் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்குவதற்கென அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டான். கிளர்ச்சியை ஒடுக்குகையில் பிரித்தானியப் படைகள் ஊவாவின் ஊர்களை எரித்தன, பயிர்களை அழித்தன, கால்நடைகளைக் கொன்றன. எந்த ஊரார் குற்றவாளிகள், எந்த ஊரார் அல்லர் என்று எவரும் விசாரித்திலர். எகலப்பொலவின் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் வடித்த ஆட்சியே இதனையும் செய்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கெப்பெட்டிபொல பிடிபட்டு, இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டு, 1818 நவம்பரில் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டான்.

அதன் பின் நிகழ்ந்ததே இவ்வாய்வுக்கு முதன்மையானது. ஹென்றி மார்ஷல் என்னும் இராணுவ மருத்துவர் அவனது மண்டையோட்டை எடுத்துச் சென்றார். மண்டையின் வடிவைக்கொண்டு மனிதனின் குணத்தை அறியலாம் என நம்பிய எடின்பரோச் சங்கமொன்றின் நூதனசாலைக்கு அது வழங்கப்பட்டது. உறுப்புகளைச் சிதைத்தல் ஆகாதெனக் கையொப்பமிட்ட ஆட்சியின் மருத்துவர், தண்டிக்கப்பட்டவனின் தலையை அரும்பொருளாக்கினார். அக்காலத்தார் அதனைச் சிதைப்பு என்று அழைத்திலர். அறிவியல் என்றே அழைத்தனர். சுதந்திரம் கிடைத்த பின்னர் அம்மண்டையோடு இலங்கைக்கு மீட்கப்பட்டு, 1954இல் கண்டி நினைவுத்தூணில் வைக்கப்பட்டது.

எனினும் மார்ஷல் மனச்சான்று இல்லாதவர் அல்லர். கிளர்ச்சி வென்றிருக்குமாயின் கெப்பெட்டிபொல துரோகியெனத் தண்டனை பெறாது நாட்டுப்பற்றாளன் எனப் போற்றப்பட்டிருப்பான் என்னுங் கருத்தை அவரே தம் நூலில் எழுதியுள்ளார். ஊவாக் கிளர்ச்சியில் துரோகிகள் எனத் தேசாதிபதி பிறவுண்றிக் 1818இல் பிரகடனப்படுத்திய 19 பேரின் பெயர்களிலிருந்து அக்களங்கத்தை இலங்கை அரசு 2016இலேயே நீக்கியது. இடைப்பட்ட 198 ஆண்டுகளில் அவர்கள் செய்த செயல் ஒரு சிறிதும் மாறவில்லை. அச்செயலுக்குப் பெயரிடும் அதிகாரம் உடையோரே மாறினர்.

இங்கு இரு வினாக்களை வேறுபிரித்துக் காணுதல் வேண்டும். எவ்வாறு தண்டித்தனர் என்பது ஒன்று. எதற்காகத் தண்டித்தனர் என்பது மற்றொன்று. நூதனசாலை முதல் வினாவுக்கு எளிதில் விடை தரும்; ஏனெனில் வாளும் விலங்கும் உரலும் கண்ணுக்குப் புலப்படுவன. இரண்டாம் வினாவுக்குரிய விடை கருவிகளில் இல்லை. அது சட்டத்தின் வாசகத்தில் இருக்கின்றது. வாசகத்தைக் கண்டு எவரும் திடுக்கிடுவதில்லை.

தமிழ் இலக்கியம் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொன்ற முறையில் புதுமையான கொடுமை எதுவும் இல்லை. காவலன் ஒருவனின் வாள் அவனை வெட்டியது. பாண்டியன் பிழைத்தது தண்டித்த முறையில் அன்று, ஆராயாமையில். சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று ஒருவரும் கேட்டிலர். சிலப்பதிகாரத்துக்கு ஒரு நூதனசாலை அமைக்கப்படுமாயின், அதன் நடுவே வைக்கத்தக்கது அந்த வாளன்று. உரிய வேளையில் உடைத்துப் பார்க்கப்படாத சிலம்பேயாகும். வள்ளுவரும் செங்கோன்மையைக் கூறத் தொடங்குமிடத்து முதலில் வைத்தது குற்றத்தை ஆராய்தலையே. தண்டத்தின் அளவு பற்றிய பேச்சு அதன் பின்னரே வருகின்றது.

இனி, தெமோதரையின் கதைக்கு வருதல் பொருந்தும். ஊவா மலைகளிலே முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராயின. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே அம்மலைகளைத் தோட்டங்களாக்கினர். அவர்களை ஆண்ட சட்டங்களுள் முதன்மையானது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல், வேலை செய்ய மறுத்தல், மரியாதையீனமாய் நடத்தல் ஆகியவற்றை அச்சட்டம் குற்றங்களாக்கியது. அக்குற்றங்களுக்குக் கடூழியச் சிறையும் விதிக்கப்படலாம்.

இதன் தன்மையைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரு வணிகன் மற்றொரு வணிகனோடு செய்த ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு செலுத்துவான்; அவனைக் குற்றவாளி என எவரும் கூறார். தொழிலாளி தோட்டத்துரையோடு கொண்ட ஒப்பந்தத்தை மீறினால் சிறைக்குச் சென்றான். இங்கிலாந்திலும் அத்தகைய சட்டம் இருந்தது. எனினும் 1875இலே அது அங்கு நீக்கப்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் அத்தண்டனைப் பிரிவுகள் 1920களின் தொடக்கம் வரை நிலைத்தன. கங்காணியின் கடன் கணக்கைச் சுமந்து தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறையும் 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒரு காகிதம். பத்துச் சீட்டும் ஒரு காகிதம். தோட்டத்தின் இலக்கம் பொறித்துத் தொழிலாளியின் கழுத்தில் தொங்கவிடப்பட்ட தகரவில்லை, ஒரு நாணயத்திலும் சற்றுப் பெரியது. இவற்றுள் எதனையும் கண்ணாடிப் பேழையில் வைத்தால் பார்ப்போர் நின்று பார்க்காமலே கடந்து செல்வர். இரத்தக்கறை படியாத பொருள்கள் இவை. ஆயினும் உரலாலும் வாளாலும் தண்டிக்கப்பட்டோரின் தொகையோடு ஒப்பிட்டால், இக்காகிதங்கள் கட்டிப்போட்ட மக்களின் தொகை மிகப் பெரிது. காட்டுமிராண்டித்தனம் ஒழிந்தது என உடன்படிக்கை அறிவித்து ஐம்பது ஆண்டுகளில், வேலையை விட்டு நடந்து செல்வதே ஒரு குற்றமாயிற்று. தெமோதரையில் புகையிரதப் பாதை நிலையத்தை விட்டுக் குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகவே மீண்டும் செல்கின்றது. வண்டியில் இருப்போனுக்குத் தான் வெகுதூரம் வந்துவிட்டதாகத் தோன்றும். தண்டனையின் வரலாறும் சிலவேளைகளில் அத்தகையதே.

பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பூக்கோ 1975இல் வெளியிட்ட நூலில் இதனை ஒத்த கருத்தொன்றைக் கூறினார். உடலை வதைக்கும் தண்டனை மறைந்தமைக்குக் காரணம் மனிதாபிமானம் மட்டுமன்று. பட்டியல், கால அட்டவணை, கண்காணிப்பு என்பவற்றால் மனிதரை ஆளும் புதிய முறை தோன்றியமையே என்பது அவர் கருத்து. அவர் சிறையையும் படைமுகாமையும் பாடசாலையையும் எடுத்துக்காட்டினார். விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடப்படுவதற்காக வரிசையில் நின்ற தோட்டத் தொழிலாளிக்கு அவ்வுண்மையை விளக்கப் பாரிசு நகரத்து நூல் தேவைப்பட்டிராது.

தண்டனையைக் களையெடுத்தலுக்கு ஒப்பிடும் மரபு நமது நூல்களில் உண்டு. கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைப் பைங்கூழின் களையைக் களைவதாகவே வள்ளுவர் காண்கின்றார். அவ்வுவமையில் பயிர் என்பது குடிமக்கள். உழவன் என்பவன் அவர்களைக் காக்கும் வேந்தன். தோட்டத்திலோ பயிர் என்பது ஒருவரது உடைமை. பயிர் எது, களை எது என்பதை அவ்வுடைமைக்காரரே தீர்மானிக்கின்றார். உரிமை கேட்பவனும் சங்கம் அமைப்பவனும் அங்கே களையாயினர். 1940இல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து தமக்கென ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தபோது, அதனைக் குடிமக்களின் உரிமையாகக் கண்டவர் சிலரே. சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்டவெனப் பொலிஸ் படை அனுப்பப்பட்டது. உவமை ஒன்றாயினும், யாருடைய கையில் களைக்கொட்டு இருக்கின்றது என்பதைப் பொறுத்து அதன் அறம் மாறுகின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். தண்டிக்கப்பட்டோர் யாவரையும் நிரபராதிகளாகக் காட்டுதல் இலகுவானதொரு பிழை அல்லவா என்பது அது. அத்தடை வலியுடையது. கண்டியின் போகம்பரைச் சிறைச்சாலை 1876இல் கட்டப்பட்டு 2014இல் மூடப்பட்டது. அதன் தூக்குமேடையில் உயிர்நீத்தோருள் வீராசாமி, வேலாயுதன் என்னும் இரு தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். புஸ்ஸல்லாவைப் பகுதி ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரையாயிருந்த போப் 1941இல் கொல்லப்பட்ட வழக்கில் அவர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டு 1942இல் தூக்கிலிடப்பட்டனர். ஒரு மனிதனைக் கொல்லுதல் பாவம் என்பதில் ஐயமில்லை. அதனை விசாரிக்க நீதிமன்றம் இருந்தது, சாட்சிகள் இருந்தனர், தீர்ப்பு இருந்தது.

ஆயின், ஒரு கொலையை விசாரிக்கும் நீதிமன்றம், அக்கொலைக்கு முன்னர் அத்தோட்டத்தில் நிலவிய வாழ்க்கையை விசாரிப்பதில்லை. சங்கத்தில் சேர்ந்தமைக்காக வேலையிழந்து, லயத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் துயர் எந்த நீதவானின் ஏட்டிலும் குற்றமெனப் பதிவாகவில்லை. தண்டனை, தான் பெயரிட்ட தீங்குகளை மட்டுமே காண்கின்றது. பெயரிடப்படாத தீங்குகள் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்விருவரும் செய்தது சரியென்று கூறுவதற்கன்று இது. நீதியின் பார்வை எவ்வளவு குறுகியதாயிருக்கக்கூடும் என்பதை உணர்வதற்கேயாம்.

பெயரற்ற தீங்கின் உச்சம் 1948இல் நிகழ்ந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குரிமை அற்றவராயினர். அவர்கள்மேல் எக்குற்றமும் சாட்டப்படவில்லை, விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. சட்ட அறிஞர் இதனைத் தண்டனை என ஒப்புக்கொள்ளார். குற்றம் இல்லாத இடத்தில் தண்டனை என்னும் சொல்லுக்கு இடமில்லை என்பர்.

சொல்லளவில் அது சரியே. ஆயின் அறத்தின் நோக்கில் அவ்விடையே குற்றச்சாட்டை வலுப்படுத்துகின்றது. கைதிக்குத் தன் குற்றம் யாதெனத் தெரியும். மேன்முறையீடு செய்ய வழியுண்டு. விடுதலையாகும் நாளும் தெரியும். நாடற்றவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நாடுகடத்தல் பண்டைய அரசுகள் அறிந்த கடுந்தண்டனைகளுள் ஒன்று. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே 1832இல் இறக்கும்வரை வேலூரில் அதனை அனுபவித்தான். மன்னனுக்குத் தண்டனையாயிருந்தது, 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் 525,000 பேருக்கு இரு நாடுகளின் நல்லுறவுக்கான ஏற்பாடாயிற்று. எஞ்சியோருக்கு உரிமை தவணை முறையில் வந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அக்கணக்கு முடிந்தது. 55 ஆண்டுகள் நீடித்த இதனைக் காட்சிப்படுத்த எந்த மெழுகுருவமும் போதாது. விண்ணப்பப் படிவங்களும் நிராகரிப்புக் கடிதங்களுமே இதன் கருவிகள்.

அவ்வாறாயின் தண்டனை நூதனசாலைகள் பயனற்றவையா? அல்ல. கொடுமையைக் கண்டு கூசும் உள்ளம் நாகரிகத்தின் முதற்படி. இலங்கையின் நீதிமன்றங்கள் இன்றும் மரண தண்டனை விதிக்கின்றன. எனினும் 1976இன் பின்னர் அது நிறைவேற்றப்படவில்லை. சட்டக்கோவையிலிருந்த கசையடி 2005இல் நீக்கப்பட்டது. இவை யாவும் அக்கூச்சத்தின் பயன்களே. ஆயின் முதற்படியிலேயே நின்றுவிடுபவன் பழங்காலத்தைத் தண்டிக்கின்றான். தன் காலத்தை விடுதலை செய்கின்றான். அவனது நிம்மதியும் ஒரு தீர்ப்பே. விசாரணையின்றி வழங்கப்பட்ட தீர்ப்பு அது.

கம்பளைக்கு அண்மையில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லய அறைகளிலே தோட்டத் தொழிலாளருக்கென ஒரு நூதனசாலை 2007ஆம் ஆண்டு முதல் இருந்துவருகின்றது. தொழிலாளரின் வேலைக் கருவிகளும் வீட்டுப் பொருள்களும் ஆவணங்களும் அங்கே பேணப்படுகின்றன. வாளையும் விலங்கையும் காட்டும் மண்டபங்களிலும் பார்க்க, நீதியைப் பற்றிச் சிந்திப்பதற்குத் தகுந்த இடம் அதுவே எனலாம். அங்கே திடுக்கிடுவதற்கு எதுவும் இல்லாமையால், பார்ப்போன் வாசித்தே ஆகவேண்டும்.

ஒரு பொருள் நூதனசாலைக்கு உரியதாவதற்கு முதலில் அது வழக்கொழிய வேண்டும். உரல்தண்டனை ஒழிந்தது, ஆதலால் அது மெழுகாயிற்று. துண்டு ஒழிந்தது, ஆதலால் அது ஆவணமாயிற்று. லயமோ இன்னும் ஒழியவில்லை. கம்பளையில் அரும்பொருளாய் நிற்கும் அறையை ஒத்த அறைகளில் ஊவாத் தோட்டங்களின் குடும்பங்கள் இன்றும் அடுப்பு மூட்டுகின்றன. பிள்ளைகள் பாடம் படிக்கின்றனர். கண்டியில் சுற்றுலா முடித்துத் தெமோதரைக்குத் திரும்பும் மாணவன், பழங்காலத் தண்டனைகளுள் எவை உண்மையில் பழங்காலத்தவை என்பதைத் தன் வாசலில் நின்றே கணக்கிட முடியும். அக்கணக்கை அவனிடம் கேட்காத கல்வி, அவனுக்கு வாளையும் உரலையும் காட்டியதில் பயனில்லை.